கொடைக்கானல் குளிரும் கரியடுப்பும்

மார்கழி, தை மாதங்களில் கொடைக்கானலின் வானம் பல இரவுகளில் தெளிந்திருக்கும். மேகமற்ற இரவில் தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறிவிடுவதால், விடியற்காலையில் ஏரிக்கரைப் புல்வெளிகளும் பிரையண்ட் பூங்காவும் உறைபனியால் வெளுத்திருக்கும். பொங்கல் விடுமுறைக்கு மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் உறவினர் மலையேறி வருவதும் இக்காலத்தில்தான். பகலில் சிறு உலா, இரவில் கணப்பைச் சுற்றி அமர்ந்து பேச்சு என நாள் இனிதே கழியும். இவற்றுள் எது அபாயமானது என்று கேட்டால், பெரும்பாலோர் வெளிக்குளிரையே சொல்வர். மருத்துவர்களாகிய நாங்கள் அதிகம் அஞ்சுவது வீட்டுக்குள் இருக்கும் கணப்பையே.

பகல் உலா

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன், சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. உடல்நலம் உள்ளோர் இதைப் பெரிதாக உணர்வதில்லை. இதய நோய், ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உடையோர்க்கு இக்குறை சுமையாகிறது. குளிர்காற்று இரத்தக் குழாய்களையும் மூச்சுக் குழாய்களையும் சுருக்கி அச்சுமையைக் கூட்டுகிறது.

ஆகவே முதியோரை வெயில் ஏறிய பின்னரே வெளியே அழைத்துச் செல்லுங்கள். ஏரியைச் சுற்றிய சாலை சுமார் 5 கிலோமீட்டர் நீளமுடையது. அதை முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. சிறிது தூரம் நடந்து, அமர்ந்து, திரும்பினால் போதும். மூக்கையும் வாயையும் மப்ளரால் மூடிக்கொள்வது நன்று. இன்ஹேலரை உட்சட்டைப் பையில் வைத்திருங்கள். அது குளிர்ந்துவிட்டால் மருந்து சரியான அளவில் வெளிவராது. நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் உடனே நடையை நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் குறையாவிடில் தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

இரவுக் கணப்பு

உலா முடிந்து திரும்பிய குடும்பம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் எரிந்த கரியடுப்பில் புகை அடங்கி, கங்குகள் சாம்பல் பூத்துவிட்டன. 'இனிப் புகை இல்லை' என்று அதை அறைக்குள் கொண்டுவந்து, குளிர் புகாதபடி கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு அனைவரும் உறங்குகின்றனர். நள்ளிரவில் பாட்டிக்குத் தலைவலி, பேரனுக்கு வாந்தி. பயணக் களைப்பு என்று கருதி மீண்டும் படுத்துக்கொள்கின்றனர்.

அந்தக் கங்குகளிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவந்துகொண்டிருக்கிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது, கண்ணையும் உறுத்தாது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைந்துகொள்கிறது. மூளையும் இதயமும் ஆக்சிஜனின்றித் தவிக்கின்றன. உறங்குபவர் விழித்தெழாமலே மயக்கத்தில் ஆழ்ந்துவிடக்கூடும். கருவுற்ற தாயும் வயிற்றிலுள்ள குழந்தையும், சிறு குழந்தைகளும், இதய நோயாளிகளும் விரைவில் பாதிக்கப்படுவர்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இங்கு நம்பக் கூடாது. அக்கருவியால் இவ்வாயுவைப் பிரித்தறிய இயலாது. நஞ்சேறிய இரத்தத்திலும் இயல்பான அளவையே காட்டக்கூடும்.

அறிகுறியும் முதலுதவியும்

ஒரே அறையில் இருந்த பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், தடுமாற்றம் தோன்றுவதும், வெளிக்காற்றில் அவை சற்றுத் தணிவதும் முக்கிய அடையாளங்கள். உடனே கதவு, சன்னல்களைத் திறந்து அனைவரையும் வெளியே கொண்டுவாருங்கள். 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அறையில் கரியடுப்பு இருந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்; ஆக்சிஜன் சிகிச்சையை விரைந்து தொடங்க அது உதவும். தலைவலி நீங்கிவிட்டது என்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

சன்னலைச் சிறிது திறந்து வைப்பது போதிய பாதுகாப்பாகாது. கரியடுப்பும் விறகுக் கங்கும் திறந்த வெளிக்கே உரியவை. உறங்குமுன் நீர் தெளித்து, முற்றிலும் அணைந்ததை உறுதிசெய்து, வெளியிலேயே விட்டுவிடுங்கள். அறைக்குள் கம்பளி, காலுறை, தலைக்குல்லாய், அடுக்கடுக்கான ஆடைகள் ஆகியவை குளிரைத் தாங்கப் பெரிதும் உதவும். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையைக் காலில் வைக்க வேண்டாம். சுடுவது தெரியாமல் புண்ணாகிவிடும்.

மலைக்குப் புதிதாக வரும் விருந்தினர்க்கு இவை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. போர்வையைக் கொடுக்கும்போதே இதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.