பிடிஎஃப் ஆவணத்தில் எழுதுதலும் ஒப்பமிடுதலும்

வாடகை உடன்படிக்கை போன்ற பிடிஎஃப் ஆவணத்தில் எழுத்தை முதலில் சேர்க்க. கையொப்பத்தை இறுதியில் இடுக. பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே அமைதல் வேண்டும். தந்தை பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறுவது நம்மவரிடையே அடிக்கடி காணும் தவறு. கட்டத்துக்கு ஏற்ப எழுத்தளவைக் குறைக்க. பிரெஞ்சுத் தெருப்பெயர்களின் உச்சரிப்புக் குறிகளைக் காட்டும் எழுத்துருவையே தெரிவு செய்க.

கியூபெக்கின் 2001ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னாவணத்துக்கும் தாளுக்குரிய சட்ட மதிப்பை அளிக்கிறது. ஆயின், உள்ளடக்கம் மாற்றப்படாதிருத்தல் வேண்டும். ஒப்பமிட்டபின் பிழை கண்டால் அதன்மேல் எழுதற்க. திருத்திய புதிய பிரதியில் இரு தரப்பினரும் மீண்டும் ஒப்பமிடுக.

மரணசாசனத்தின் நிலை வேறு. நொத்தாரிசோ சாட்சிகளோ இன்றி ஒருவர் தாமே எழுதும் சாசனம், குடியியல் சட்டக்கோவையின் 726ஆம் உறுப்புரைப்படி, முழுவதும் அவர் கையாலேயே எழுதப்பட்டு, கையாலேயே ஒப்பமிடப்படுதல் வேண்டும். அதனைப் பிடிஎஃப் வடிவில் தட்டச்சுச் செய்யற்க.