சோபாவில் படுத்திருக்கும் புலி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சோபாவில் உட்காரப் போன பாட்டியை நாலு வயதுப் பேத்தி தடுக்கிறாள்: “அங்க உட்காராதீங்க பாட்டி, புலி படுத்திருக்கு!” கிள்ளான் தரைவீடானாலும் பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவானாலும் இதற்குப் பிறகு வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். ஒன்று, கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டச் சொல்லும். மற்றொன்று, தாடிகாவில் கொடுத்தனுப்பிய படப்புத்தகத்தின் மேல் பழி போடும். இரண்டு கட்சியும் சொல்வதையும், இதையொட்டிய மற்ற நம்பிக்கைகளையும் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: பிள்ளைக்குக் காத்துக் கருப்பு பட்டிருக்கிறது.

உண்மை: கண்ணுக்குத் தெரியாத தோழனோடு பேசுவது சிறுவயதில் வெகு சாதாரணம். அமெரிக்காவின் ஒரேகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு ஏழு வயதுக்குள் இப்படியொரு தோழமை இருந்திருக்கிறது. பொம்மைக்கு உயிர் கொடுத்துப் பேசுவதும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அமெரிக்கக் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால் கென்யா, மலாவி, நேப்பாளம், டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளில் விசாரித்தபோதும் இந்தத் தோழர்கள் இருந்தார்கள். அளவுதான் நாட்டுக்கு நாடு வேறுபட்டது.

நம்பிக்கை 2: தனிமையில் வாடும் பிள்ளைக்குத்தான் இப்படி வரும்.

உண்மை: இந்த எண்ணம் பரவியதில் படப்புத்தகங்களுக்கும் பங்குண்டு. ஆங்கிலேய ஓவியர் ஜான் பர்னிங்ஹாம் 1991இல் வெளியிட்ட ‘ஆல்டோ’வில், தனியாகவே பொழுதைக் கழிக்கும் ஒரு சிறுமிக்கு முயல் ஒன்று துணை வருகிறது. மனதைத் தொடும் கதைதான். ஆனால் எல்லாப் பிள்ளைகளின் நிலையும் அதுவல்ல. தலைப்பிள்ளைகளிடமும் ஒற்றைப் பிள்ளைகளிடமும் இந்தப் பழக்கம் சற்றுக் கூடுதலாகத் தென்படுவது உண்மை. அவர்களுக்குத் தனியாக விளையாட நேரம் அதிகம். கூச்ச சுபாவத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போட ஆய்வுகள் இடம் தரவில்லை.

நம்பிக்கை 3: நிஜம் எது, கற்பனை எது என்று பிள்ளைக்குத் தெரியவில்லை, நாளைக்குப் பொய் சொல்லிப் பழகும்.

உண்மை: தெரியும். ஆய்வாளர்கள் அக்கறையாகக் குறிப்பெடுக்கும்போது, “இது சும்மா விளையாட்டுக்குத்தான், தெரியும்தானே?” என்கிற பாணியில் பிள்ளைகளே நடுவில் நினைவூட்டியதை டெய்லர் பதிவு செய்திருக்கிறார். சொல்பேச்சுக் கேட்காத தோழர்களைப் பற்றிப் புகார் சொல்லும் பிள்ளைகளும் உண்டு. அதற்காக வீட்டு ஒழுங்கை விட்டுக்கொடுக்க வேண்டாம். மைலோவைக் கொட்டியது புலியே ஆனாலும், துடைப்பது பிள்ளையின் வேலை.

நம்பிக்கை 4: பேசும் விலங்குக் கதைகள்தான் நல்லொழுக்கம் கற்றுத்தரும்.

உண்மை: பழி சுமந்த படப்புத்தகத்தின் பக்கம் வருவோம். பஞ்சதந்திரமும் சாங் கஞ்சிலும் கேட்டு வளர்ந்த நமக்கு ஆய்வு சொல்வது இடிக்கும். டொரொன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பகிர்ந்துகொள்வதைப் பற்றிய ஒரே கதையை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்கு மனிதப் பாத்திரங்களோடும், சிலருக்கு விலங்குப் பாத்திரங்களோடும் வாசித்துக் காட்டினார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மனிதக் கதை கேட்டவர்களே தங்கள் ஸ்டிக்கர்களைக் கூடுதலாகப் பகிர்ந்தார்கள். இந்தக் குழுவைச் சேர்ந்த பட்ரிஷியா கானியா 2014இல் பங்கேற்ற இன்னோர் ஆய்வு, விலங்கை மனிதர்போல் பேசவைக்கும் புத்தகங்களைக் கேட்ட பிள்ளைகள் உண்மை விலங்குக்கும் மனிதக் குணங்களை ஏற்றிச் சொல்வதைக் காட்டியது. புலி காட்டில் எப்படி வாழ்கிறது என்று சொல்லித்தர, உள்ளது உள்ளபடி எழுதிய புத்தகத்தை எடுங்கள். பேசும் புலியைச் சிரிப்பதற்காகவே வாசியுங்கள், முடித்ததும் “இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?” என்று பரீட்சை வைக்காதீர்கள். நம் நாட்டு ஓவியர் யூசோப் காஜாவின் யானைகளை ரசிக்க நீதி எதுவும் தேவைப்படுவதில்லை.

நம்பிக்கை 5: கற்பனைத் தோழன் இருந்தால் பிள்ளை மகா புத்திசாலி.

உண்மை: இது பெருமைப்படும் பெற்றோரின் கட்சி, இதையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். நியூசிலாந்தில் ஐந்தரை வயதுப் பிள்ளைகள் 48 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. தோழன் உள்ள பிள்ளைகள் கதையை விரிவாக, யார் என்ன சொன்னார்கள் என்பதோடு சொன்னார்கள். சொல்வளத்தில் மற்றவர்களோடு வேறுபாடு இல்லை. கூடுதலாகக் கிடைப்பது கதை சொல்லும் பயிற்சி.

தாஸ்காவில் மலாய், யூடியூப்பில் ஆங்கிலம் என்று வளரும் கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு அந்தப் பயிற்சி தமிழில் கிடைத்தால் நல்லதுதானே? “புலி நேத்து எங்க போச்சு? ஏன் கோவமா இருக்கு?” என்று கேளுங்கள், பதிலைப் பிள்ளையிடமே விடுங்கள். சென்னை தூலிகா பதிப்பகத்தின் இருமொழிப் படப்புத்தகங்கள் தமிழ் தடுமாறும் பெற்றோருக்கும் கைகொடுக்கும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே வாசிக்கலாம்.

எப்போது கவனிக்க வேண்டும்? தோழன் தன்னையோ பிறரையோ அடிக்கச் சொல்வதாகப் பிள்ளை சொன்னால், அதைக் கண்டு பயந்து தூக்கம் கெட்டால், நிஜப் பிள்ளைகளோடு விளையாடவே மறுத்தால், முன்பு பேசிய பேச்சு குறைந்துபோனால், அரசாங்க கிளினிக்கிலோ குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், பாட்டியை நாற்காலிக்கு மாறச் சொல்வதே போதுமான வைத்தியம்.