முதல் டப்பா பெல்லட் வாங்கும் முன்

கண்ணு, ஏர் ரைஃபிள் பழகப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து வீட்டில் ஆளுக்கொரு யோசனை. எல்லாரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்குள் போகிற குண்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வரிசை முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

1. இப்போதைக்கு எதையும் வாங்காதே. வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சோ, எழும்பூர் ரைஃபிள் கிளப்போ, எங்கே சேர்ந்தாலும் பழகுவதற்குத் துப்பாக்கி தருவார்களா என்று முதலில் கேள். போட்டித் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. அதைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க உன் இடுப்பும் முதுகும் சம்மதிக்கின்றனவா என்று தெரியாமல் லட்சக்கணக்கில் பணத்தைக் கொட்டக் கூடாது. ஆசை வேறு, உடம்பு வேறு.

2. எவ்வளவு சின்ன வேலைக்கு வருகிறாய் என்று தெரிந்துகொள். பத்து மீட்டர் தூரத்தில் இருக்கும் அட்டையில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். உன் குண்டு 4.5 மில்லிமீட்டர். அறுபது தடவை, 75 நிமிடத்துக்குள். இதைத் தினமும் செய்கிறவர்களிடம் ஒரு நிதானம் இருக்கும், கவனித்துப் பார். ரேஞ்சில் சத்தமாகப் பேசுகிற நல்ல ஷூட்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

3. இப்போது குண்டு. டப்பாவின் மேல் 4.49, 4.50 என்று ஓர் எண் போட்டிருக்கும். அது பெல்லட் தலையின் விட்டம். நடுவில் இருக்கும் வித்தியாசம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. உனக்குச் சிரிப்பு வரும், பேரலுக்கு வராது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே அளவு, ஆனாலும் பேட்ச் மாறினால் குணம் மாறும். அதனால் பெரிய ஆட்டக்காரர்கள் துப்பாக்கியை வைஸில் இறுக்கிவிட்டு, ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்ப்பார்கள். பத்தும் ஒரே ஓட்டையில் விழுந்து, அந்த ஓட்டை ஒற்றைக் குண்டு போட்டதைவிட மயிரிழைதான் பெரிதாக இருக்கிறது என்றால் அந்தப் பேட்ச்சை மொத்தமாக வாங்கி அடுக்கிவிடுவார்கள். பாண்டி பஜாரில் செருப்பு எடுக்கிற கதைதான். அடுத்தவன் காலுக்கு அழகாக இருந்தது என்று வாங்கினால் கடிக்கும்.

நான் பார்த்த ஒரு பையன், தேசியப் போட்டியில் ஜெயித்தவர் எந்த டப்பா வைத்திருந்தார் என்று எட்டிப் பார்த்து, அதே ஜெர்மன் பெல்லட்டைக் கடன் வாங்கி வரவழைத்தான். அவன் பேரலில் அது சிதறியது. ஓரத்தில் கிடந்த சாதாரண டப்பா ஒன்று அவனுக்கு அழகாகக் கூடியது. அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, ஜெர்மன் டப்பாவுக்குள் இதைக் கொட்டி வைத்துச் சுட்டான். அந்தக் கூச்சம் உனக்கு வேண்டாம்.

இன்னொன்று: முதல் வருஷம் இந்தச் சோதனையெல்லாம் உனக்குத் தேவையே இல்லை. உன் உடம்பின் ஆட்டம் பேட்ச் வித்தியாசத்தை விழுங்கிவிடும். தட்டைத் தலையுள்ள பயிற்சி பெல்லட் போதும். ஆனால் டப்பாவைக் குலுக்காதே, கீழே போடாதே. ஈயம் மெத்தென்று இருக்கும். பின்பக்கத்து ஓரத்தை ஸ்கர்ட் என்பார்கள், தொட்டால் நெளிகிற அளவுக்கு மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஓரம் நெளிந்ததைத் தனியே எடுத்துவிடு.

4. டாலஸில் இருக்கும் உன் அண்ணன் தோட்டா ரைஃபிள் வாங்கியிருக்கிறான். சுட்ட கேஸை மறுபடி நிரப்ப எந்த டை செட், அதாவது கேஸை அழுத்தும் அச்சுகள், வாங்கலாம் என்று என்னைக் கேட்டான். அவனுக்குச் சொன்னதும் இதுதான்: விலையைப் பார்க்காதே, பொருந்துவதைப் பார். சுட்டதும் பித்தளைக் கேஸ் உப்பும். முழு நீள டை அதை முழுக்க அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும். நெக் டை கழுத்தை மட்டும் அழுத்தும். கழுத்தை மட்டும் அழுத்திய கேஸ், அது எந்தத் துப்பாக்கியில் சுடப்பட்டதோ அதற்கே பொருந்தும்; நண்பனுடையதில் நுழையாமல் போகலாம். அதனால் முழு நீள டையும் குண்டு பதிக்கும் டையும் உள்ள எளிய செட்டில் ஆரம்பி, எண்ணெய் பூசாமல் கேஸை டைக்குள் அழுத்தாதே, சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு என்றேன். விலை உயர்ந்ததை நான் சொல்லவில்லை என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம். நீ இங்கே அதில் ஆசை வைக்காதே. தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் சமாச்சாரம்.

5. குண்டைக் குறை சொல்லாதே. ஏழு விழுந்ததும் டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. ஒன்பது விழும்போது அவர்கள் டப்பாவைப் பார்ப்பதில்லை.

6. ரேஞ்சை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு. ஈயம் பொல்லாதது. பயிற்சி முடிந்த பசியில் அதே கையோடு பஜ்ஜியை எடுக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்வது கூடவே கூடாது. மயிலாப்பூரில் கடற்காற்று வேறு. டப்பாவைத் திறந்து வைத்தால் ஈயத்தில் வெள்ளையாகப் பூக்கும். இறுக மூடி, சமையலறைக்கு எட்டாத அலமாரியில் வை.

7. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் வேளச்சேரி. துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டியே கொண்டுபோ. பெட்டிக்குள் என்ன என்று யாராவது கேட்டால் மரியாதையாகப் பதில் சொல். திறந்து காட்டிப் பெருமைப்படாதே. 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூலுக்கும் மேற்போகாத காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. ஆனாலும் வாங்கிய பில்லின் நகல் பெட்டியிலேயே இருக்கட்டும். வீட்டில் வெறும் டிரிகர் பழகும்போதும் ஜன்னல் பக்கம் குழல் திரும்பக் கூடாது. எதிர் மாடியில் துணி உலர்த்துகிற மாமிக்கு உன் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று எப்படித் தெரியும்?

8. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா சரிபார்ப்புக்காகச் சுட்ட முதல் குண்டு நாலுக்குப் போனது. சைட் எப்படியோ நகர்ந்திருந்தது. அவர் யாரையும் தேடிப் போகவில்லை. இருந்த நேரத்துக்குள் சைட்டைத் திருத்திக்கொண்டார். கடைசிக் குண்டு 10.8, தங்கம். நம் சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டனில் வெண்கலம் வாங்கியதும் இதே பத்து மீட்டரில்தான். மெடலை விடு, அந்த நாலு விழுந்த பிறகு வந்த சில நிமிடங்களை நினைத்துப் பார்.

9. ஒரு நோட்டுப் போடு. தேதி, டப்பாவின் பேட்ச் எண், மதிப்பெண், அன்றைக்குத் தூங்கினாயா, யாரோடாவது சண்டையா, எல்லாம். மதிப்பெண்ணைக் கூட்டி எழுதாதே. அதை நீ மட்டும்தான் படிக்கப்போகிறாய்.

10. பழைய துப்பாக்கி யாராவது மலிவாகத் தருவதாகச் சொன்னால், காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்துவிட்டுப் பேசு. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட சிலிண்டரைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள். புது சிலிண்டர் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். உனக்குப் பேரம் வராது என்றால் அம்மாவைக் கூட்டிப் போ.