கணினிப் பாடம்: நம் கணக்கு எந்த அறையில் இருக்கிறது?



பூந்தமல்லி பக்கத்தில் ஓர் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டம். கடன் பாக்கிப் பட்டியலை வாசித்தபோது ஒரு சகோதரி எழுந்து நின்றார். "போன மாசமே ஆயிரத்து இருநூறு கட்டிட்டேனே, எம் பேரு ஏன் பாக்கியில வருது?" என்று கேட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடித்து, ஷேர் ஆட்டோவில் வந்து கட்டிய பணம் அது. அவருடைய பாஸ் புத்தகத்தில் வரவு இருந்தது. கணினியில் இல்லை.

எல்லோர் பார்வையும் கணக்கு எழுதும் பெண் மீது திரும்பியது. "என் கையாலதான்க்கா ஏத்தினேன்" என்று சொல்லி அவர் அழுதுவிட்டார். இரண்டு நாள் தேடிய பிறகு வரவு கிடைத்தது. பணத்தை யாரும் எடுக்கவில்லை. கணக்கு வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தது. கணினி இணைப்பை அரைகுறையாகச் செய்து கொடுத்தது நாங்கள்தான். அந்தத் தவறிலிருந்து கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

என்ன நடந்தது?

அந்த அலுவலகத்தில் இரண்டு கணினிகள். இரண்டிலும் லினக்ஸ் போட்டிருந்தோம். லினக்ஸ் என்பது கட்டணம் இல்லாமல் கிடைக்கும் திறந்த மூல இயங்குதளம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது. இதில் ஒரு வகைதான் சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் வாங்கி வந்த மடிக்கணினிகள் பலவற்றில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

முதல் கணினியில் 'கணக்கு' என்ற பொது ஃபோல்டர். இரண்டாவது கணினியிலிருந்தும் அதைத் திறக்கலாம். இப்படிப் பகிர 'சாம்பா' என்ற மென்பொருள் உதவுகிறது. பொது ஃபோல்டரைக் கொண்டுவந்து பொருத்துவதற்கு 'மவுண்ட்' செய்வது என்று பெயர்.

இதை ஒரு வீடு போல நினைத்துப் பாருங்கள். இரண்டாவது கணினியில் முதலில் ஒரு காலி அறை கட்டுகிறோம். இணைப்பு கொடுத்ததும், அந்த அறைக் கதவைத் திறந்தால் முதல் கணினியின் அலமாரி தெரியும். இணைப்பு போய்விட்டால் அதே கதவுக்குப் பின்னால் வெறும் காலி அறைதான். பெயர் ஒன்றுதான், கதவும் ஒன்றுதான். காலி அறையில் கணக்கை வைத்தாலும் கணினி தடுக்காது. இதுதான் ஆபத்து.

நாங்கள் கொடுத்தது தற்காலிக இணைப்பு. கணினியை அணைத்தால் அறுந்துவிடும். ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. கணக்கு எழுதும் பெண் அன்றைய வசூல் தாளை நிரப்பி, வழக்கமான ஃபோல்டரில் சேமித்தார். தாள் காலி அறைக்குள் போனது. மறுநாள் இணைப்பை மீண்டும் கொடுத்தோம். அலமாரி முன்னால் வந்து நின்றது. அந்தத் தாள் பின்னால் மறைந்துபோனது. இணைப்பைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

நிலையாக இணைப்பது எப்படி?

கணினி இயக்கும் சகோதரிகள் இதைச் செய்யலாம். மற்றவர்கள் "இதெல்லாம் செஞ்சாச்சா?" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

1. முதல் கணினியின் ஐ.பி. முகவரி மாறக்கூடாது. ரவுட்டரில் அதற்கென ஒரே எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

2. இரண்டாவது கணினியில் 'சிஃப்ஸ்-யூடில்ஸ்' என்ற தொகுப்பை நிறுவுங்கள். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தனி ஃபைலில் எழுதி, நிர்வாகி மட்டும் படிக்கும்படி அனுமதி கொடுங்கள்.

3. லினக்ஸ் துவங்கும்போது எதை எங்கே இணைப்பது என்று பார்க்கும் பட்டியல் ஃபைலுக்கு 'எஃப்எஸ்டேப்' என்று பெயர். 'இடிசி' ஃபோல்டரில் இருக்கும். திருத்தும் முன் அதற்கு ஒரு நகல் எடுத்து வைக்கவும். பிறகு ஒரே ஒரு வரி சேர்க்கவும். அந்த வரியில் ஆறு பகுதிகள்: பொது ஃபோல்டரின் முகவரி, காலி அறையின் இடம், வகை (சிஃப்ஸ்), விருப்பங்கள், கடைசியில் இரண்டு பூஜ்ஜியங்கள்.

4. விருப்பங்களில்தான் கவனம் வேண்டும். கடவுச்சொல் ஃபைல் இருக்கும் இடம், கணக்கு எழுதுபவரின் பயனர் எண் ஆகியவற்றை இங்கே குறிக்க வேண்டும். 'நெட்டெவ்' என்பது நெட்வொர்க் வந்த பிறகு இணைக்கச் சொல்லும். 'நோஃபெயில்' என்பது முதல் கணினி அணைந்திருந்தாலும் இரண்டாவது கணினி பாதியில் நிற்காமல் துவங்கச் சொல்லும். 'ஆட்டோமவுண்ட்' என்பது ஃபோல்டரை நாம் தொடும் நேரத்தில் இணைக்கும். அடிக்கடி கரண்ட் போகும் ஊர்களுக்கு இது மிகவும் உதவும்.

5. 'நோஃபெயில்' மட்டும் போட்டால் இணைப்பு இல்லாமலே கணினி ஓடும், காலி அறையும் திறந்தே கிடக்கும். அதனால் இணைப்பு இல்லாத நேரத்தில் காலி அறையில் யாரும் எழுத முடியாதபடி அனுமதியை எடுத்துவிடுங்கள். அப்போது தவறாகச் சேமிக்கப் போனால் கணினியே மறுத்துவிடும். எங்கள் இணைப்பில் விட்டுப்போன பூட்டு இதுதான்.

6. 'மவுண்ட் -ஏ' கட்டளை கொடுத்துச் சோதியுங்கள். பிழை வந்தால் அப்போதே திருத்துங்கள். பிறகு கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, ஃபோல்டர் வருகிறதா என்று பாருங்கள்.

எல்லோரும் செய்யக்கூடியவை

* பொது ஃபோல்டருக்குள் 'இது பொது அலமாரி' என்று பெயரிட்டு ஒரு ஃபைல் வையுங்கள். எழுதும் முன் அது கண்ணில் பட்டால் சரியான இடம். படவில்லையென்றால் எழுத வேண்டாம்.
* பொது ஃபோல்டர் நகல் ஆகாது. முதல் கணினியின் ஹார்டு டிஸ்க் போனால் எல்லாம் போகும். வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து, வேறு இடத்தில் வையுங்கள்.
* பணம் கட்டியதும் பாஸ் புத்தகத்தில் வரவு வாங்காமல் கிளம்பாதீர்கள். அந்தச் சகோதரியைக் காப்பாற்றியது அதுதான்.

குழுக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் கூட்டமைப்பின் கணக்கு எந்தக் கணினியில் இருக்கிறது?
2. கடைசியாக எப்போது நகல் எடுத்தோம்? அது யாரிடம் இருக்கிறது?
3. இணைப்பைச் சரிசெய்யத் தெரிந்தவர் ஒருவர்தானா? இரண்டாவது ஆளுக்குக் கற்றுக் கொடுத்தோமா?

கணக்கில் ஒரு வரவு காணவில்லை என்றால் முதலில் ஆளைச் சந்தேகப்பட வேண்டாம். அது எந்த அறையில் இருக்கிறது என்று தேடுவோம். அன்று கூட்டத்தில் அழுத பெண்தான் இன்று பக்கத்துக் கூட்டமைப்புகளுக்குப் போய் இந்த ஆறு படிகளையும் சொல்லிக் கொடுக்கிறார்.