ஆர்சனிக் கழிவுநீரும் நுண்ணுயிர்களின் தொண்டும்

நஞ்சைத் தின்று நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்கள் உண்டு என்ற செய்தி இப்போது பலர் காதிலும் விழுகின்றது. ஆர்சனிக் கலந்த கழிவுநீரில் இவற்றை விட்டுவிட்டால் போதும், நஞ்சு மறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மை, மறுபாதி ஆபத்தானது. நீரைப் பொதுவாகப் பயன்படுத்தும் நெசவாளரும் விவசாயிகளும் இதனைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

ஆர்சனிக் என்பது யாது?

ஆர்சனிக் ஒரு மூலகம். நம் நாட்டு வைத்தியர் வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை என்று வழங்கும் பொருள்கள் யாவும் இதன் சேர்க்கைகளே. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இது இருத்தலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1993இல் அளவு குறித்தது. இந்த அளவுக்கு மிகுந்த நீரைப் பல்லாண்டுகள் பருகுவோருக்குத் தோல் தடிப்பும், பின்னர்ப் புற்றுநோயும் உண்டாகக் கூடும். நிறமோ மணமோ சுவையோ காட்டாததால், சோதித்துப் பார்த்தாலன்றி இது நீரில் இருப்பது தெரியாது.

துணித் தொழிலுக்கும் இதற்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. மஜெந்தா என்னும் செஞ்சாயத்தை முதற்காலத்தில் ஆர்சனிக் அமிலங்கொண்டு செய்தனர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் அவ்வாறு சாயம் செய்த ஆலை ஒன்றின் கழிவு 1860களில் அண்டை வீட்டார் கிணறுகளில் கசிந்து, குடித்தவர்களை நோயில் வீழ்த்தியது. வழக்கு மன்றம் வரை சென்றது. சாயத்தின் அழகு ஓரிடத்திலும் அதன் விலை வேறோரிடத்திலும் தங்கிவிடும் என்பதற்கு இது சான்று.

இருவகை ஆர்சனிக்

நீரில் ஆர்சனிக் பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் காணப்படும். ஒன்று ஆர்சனைட், மற்றொன்று ஆர்சனேட். ஆர்சனைட்டே அதிகக் கொடியது, பிடிப்பதற்கும் அரியது. சாதாரண நீரில் அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆகையால் எந்தப் பொருளின் மேலும் எளிதில் ஒட்டாமல் வடிகட்டியைக் கடந்து சென்றுவிடும். ஆர்சனேட்டுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. இரும்புத் துருவின் மேல் அது நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றுவதே முதல் வேலை. காற்றிலுள்ள பிராணவாயு இம்மாற்றத்தைத் தானே செய்யும். ஆனால் மிக மெதுவாகவே செய்யும். குளோரின், பெர்மாங்கனேட் போன்ற மருந்துகள் விரைவில் செய்யும். அவற்றை ஓயாமல் வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இவ்விடத்தில்தான் நுண்ணுயிர் உதவிக்கு வருகின்றது.

தாங்குவது வேறு, தூய்மை செய்வது வேறு

ஆர்சனிக் உள்ள இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் பல. ஆனால் அவை அனைத்தும் நமக்கு உதவுவன அல்ல. பலவகைப் பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் புகுந்த ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றி வெளியே இறைத்துவிடுகின்றன. வீட்டுக் குப்பையைத் தெருவில் கொட்டுவது போன்ற செயல் இது. பாக்டீரியா பிழைக்கும்; நீரோ முன்னிலும் கெடும்.

வேறு சில பாக்டீரியாக்கள் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகின்றன. மாலிப்டினமும் இரும்பும் அடங்கிய ஒரு நொதியைக் கொண்டு, கொடிய ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்குகின்றன. நமக்கு வேண்டியவை இவையே.

இவ்விரு கூட்டமும் ஒரே தொட்டியில் வாழக் கூடும். தென்னாப்பிரிக்காவில் மாடுகளின் மேலுள்ள உண்ணிகளைக் கொல்ல, ஆர்சனைட் கரைத்த தொட்டியில் அவற்றை முழுக்காட்டுவது அக்கால வழக்கம். அத்தகைய தொட்டிகளில் கரைசலின் வலிமை தானே குறைந்து வந்தது. எச். எச். கிரீன் என்னும் விஞ்ஞானி, ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்கும் பாக்டீரியா ஒன்றையும், ஆர்சனேட்டைத் திரும்ப ஆர்சனைட்டாக்கும் மற்றொன்றையும் அத்தகைய தொட்டியிலிருந்தே பிரித்தெடுத்து 1918இல் வெளியிட்டார். அன்று மருந்தைக் கெடுத்த அதே செயல் இன்று கழிவுநீரைத் திருத்தப் பயன்படுகின்றது.

இயற்கை காட்டும் வழி

பிரான்சின் தென்பகுதியில் கார்னூலே என்னும் இடத்தில் ஓர் ஈய, துத்தநாகச் சுரங்கம் இருந்தது. 1962இல் அது மூடப்பட்டது. அங்கே விடப்பட்ட சுமார் 15 லட்சம் டன் கழிவுமண்ணின் அடியிலிருந்து, புளிப்பு மிகுந்த ஆர்சனிக் நீர் ஓடையாக வெளிவருகின்றது. அந்நீரிலும் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. ஒருவகை, கரைந்த இரும்பைத் துருவாக்குகின்றது. மற்றொருவகை, ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக்குகின்றது. இரண்டும் சேர்ந்து மஞ்சட் படிவாக அடியில் தங்குகின்றன. ஓடையின் முதல் 30 மீட்டருக்குள்ளேயே ஆர்சனிக்கில் நூற்றுக்கு 20 முதல் 60 பங்கு வரை இவ்வாறு படிந்துவிடுகின்றது. ஆயினும் எஞ்சிய பகுதி கீழேயுள்ள ஆற்றில் கலக்கின்றது. இயற்கை வழிகாட்டும், வேலையை முடித்துத் தராது.

செய்முறை

இம்முறை மூன்று படிகள் கொண்டது. முதலாவது, மணலோ நுண்துளைக் கல்லோ நிரப்பிய தொட்டியில் தக்க பாக்டீரியாக்களைப் படரச் செய்து, காற்றூட்டிய கழிவுநீரை அதன்வழி மெல்ல விடுதல். இங்கே ஆர்சனைட் ஆர்சனேட்டாகும். இரண்டாவது, இரும்பு உப்புச் சேர்த்து ஆர்சனேட்டைத் துருவோடு பிடித்தல். மூன்றாவது, அத்துருவைப் படியவிட்டு வடித்து நீரைப் பிரித்தல். நீரில் பாஸ்பேட் மிகுந்திருந்தால் அது ஆர்சனேட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது இரும்பு அதிகம் வேண்டும்.

சேறு எங்கே போகும்?

ஆர்சனிக் ஒரு மூலகமாதலால் எவ்வுயிரும் அதை அழிக்க இயலாது. நீரிலிருந்து நீங்கியது முழுவதும் சேற்றில் இருக்கும். அச்சேற்றை எருவென்று வயலிலோ, தூர்க்கும் மண்ணென்று குட்டையிலோ கொட்டுவது பெருந்தீங்கு. காற்றுப் புகாத ஈரச் சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் துருவைக் கரைத்து, பிடித்து வைத்த ஆர்சனிக்கை மீண்டும் விடுவித்துவிடும். வங்காளத்தின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ஆர்சனிக் கலந்ததற்கும், மண்ணடியில் நிகழும் இத்தகைய செயலே முக்கியக் காரணம் என்று விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

நெல் வயல் இதற்கு மிகவும் ஏற்ற இடமாக அமைந்துவிடுகின்றது. நீர் தேங்கிய மண்ணில் ஆர்சனைட் பெருகும். நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சும் வழியாகவே அதையும் உறிஞ்சி, மணியில் சேர்க்கும். ஆற்றில் விழாமல் தடுத்த நஞ்சு சோற்றில் வந்து சேருமாயின் நாம் கண்ட பயன் என்ன? ஆகவே சேற்றை உலர்த்தி, சிமெண்டு முதலியவற்றோடு கெட்டியாக்கி, கசிவு உண்டா என்று சோதித்து, அபாயக் கழிவுகளுக்கென அனுமதி பெற்ற இடத்தில் சேர்ப்பித்தல் வேண்டும்.

சங்கத்தார் கேட்க வேண்டியவை

கழிவுநீர்த் திட்டம் ஒன்று பொதுக்குழுவின் முன் வருமானால், அங்கத்தினர்கள் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்.

1. நம் கழிவுநீரில் ஆர்சனிக் உண்டா? எவ்வடிவில், எவ்வளவு? ஆர்சனிக் இல்லாத சாயக் கழிவுக்கு இம்முறை பயன்படாது. உப்பையும் சாயத்தையும் நீக்க வேறு முறைகள் உள்ளன.
2. வைக்கப்படும் பாக்டீரியா ஆர்சனைட்டை மாற்றுவதா, அல்லது வெறுமே தாங்குவதா?
3. காற்றூட்டும் இயந்திரம் நின்றுபோனால் நீர் எங்கே நிறுத்தி வைக்கப்படும்?
4. வெளிவரும் நீரை யார், எத்தனை நாட்களுக்கு ஒருமுறை சோதிப்பார்?
5. சேற்றுக்கு இடமும் செலவும் மதிப்பீட்டில் சேர்ந்துள்ளனவா?

ஐந்தாம் கேள்விக்கு விடை இல்லாத திட்டம் எத்துணை மலிவாகத் தோன்றினும், அதன் செலவை நம் கிணறும் வயலுமே பின்னர்ச் செலுத்த நேரும். நஞ்சின் வடிவை மாற்றித் தருவதோடு நுண்ணுயிரின் தொண்டு முடிகின்றது. மாற்றிய நஞ்சைப் பத்திரமாகக் காவல் செய்வது சங்கத்தின் கடமையாகும்.