நுரையீரலைப் படிக்கும் முறை

புத்தலப்பட்டு

அன்புள்ள பேத்திக்கு,

திருப்பதி கால்நடை மருத்துவக் கல்லூரியில் உனக்கு இடம் கிடைத்ததில் வீடே பூரித்துப் போயிருக்கிறது. 1955-இல் தொடங்கிய கல்லூரி அது. சுவாச மண்டலப் பாடம் வந்ததும் மாடு, குதிரை, கோழி என்று பட்டியல் போட்டு நெட்டுரு செய்யாதே. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன வேறுபாடு, அதனால் என்ன கேடு வரும் என்று கேட்டுக் கேட்டுப் படி.

மாட்டின் மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் முன்பே, ஒரு கிளை வலது நுரையீரலின் முன்மடலுக்குப் போகிறது. ஆட்டுக்கும் பன்றிக்கும் அப்படியே. குதிரைக்கும் நாய்க்கும் அது கிடையாது. இனி நம் ஊரில் மருந்து புகட்டுவதை நினைத்துப் பார். மூக்கணாங்கயிற்றை இழுத்துத் தலையை வானம் பார்க்கத் தூக்குவார்கள். நாக்கை வெளியே பிடித்துக்கொண்டு மூங்கில் கொட்டத்தைக் கவிழ்ப்பார்கள். நாக்கைப் பிடித்தால் மாடு எப்படி விழுங்கும்? மருந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அந்த முன்மடல்தான் பெரும்பாலும் முதலில் கெடும். பிறகு காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு. அப்படி ஒரு மாடு வந்தால் வலது முன்னங்காலை முன்னே நகர்த்தச் சொல்லி, அதன் மறைவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேள்.

கோழிக்கு உதரவிதானமே இல்லை. நுரையீரல் விலாவோடு ஒட்டியிருக்கும், விரியாது. காற்றுப்பைகள்தாம் துருத்தி போல் காற்றைத் தள்ளும். அதற்கு மார்பெலும்பு அசைய வேண்டும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கோழி மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

மூச்சின் கோளாறுக்கு வேர் நெஞ்சில்தான் இருக்கும் என்றும் எண்ணாதே. நம் சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், 1933-இல், மாடுகளின் குறட்டை நோய்க்குக் காரணமான ஸ்கிஸ்டோசோமா நாசேல் என்ற புழுவை விவரித்துப் பெயரிட்டவர் எம். அனந்த நாராயண ராவ். அது மூக்கின் இரத்தக் குழாய்களில் குடியிருக்கும். உள்ளே சதை வளர்ந்து அடைக்க, மாடு குறட்டை விடும். அதன் இளம்புழு குட்டையில் வாழும் நத்தையிலிருந்து வெளிவந்து மாட்டின் தோலைத் துளைத்து நுழைகிறது. ஆகவே மூக்கைப் பார்த்த கையோடு, மாடு எந்தத் தண்ணீரில் இறங்குகிறது என்றும் விசாரி.

விடுமுறைக்கு வரும்போது, எந்த மாட்டையும் தொடும் முன் சற்றுத் தள்ளி நின்று அல்லை ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணு. ஓய்விலிருக்கும் பசுவுக்கு 10 முதல் 30 வரை இருக்கலாம். வெயிலில் கூடும் என்பதால் நிழலில் கட்டிய பிறகு எண்ணு.

மாட்டுக்கு மருந்து கொடுக்கும்போது தலையை மட்டாக வைத்து, நாக்கை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும். இதை மாட்டுக்காரருக்குத் தமிழிலும் தெலுங்கிலும் விளங்கச் சொல்ல வந்துவிட்டால், அந்தப் பாடம் உனக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் தாத்தா