முதலில் ஒகேனக்கல், பிறகு நைரோபி

அன்புள்ள தமிழினிக்கு,

பெரியப்பா எழுதுவது. உன் கடிதத்தை அம்மாவிடமும் படித்துக் காட்டினேன். ஆப்பிரிக்க இளைஞர்கள் பஸ்ஸில் நாடு நாடாகப் போய்ப் பருவநிலைப் பிரசாரம் செய்ததைப் படித்ததிலிருந்து உனக்குத் தூக்கமில்லை என்கிறாய். "நாங்களும் இப்படி ஒன்று செய்ய வேண்டும், எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் அந்தப் பயணத்தில் உன்னை மயக்கியது எது என்று முதலில் பார்த்துக்கொள்வோம். தூரம் என்றால், அதில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, கண்ணு.

2011 நவம்பர் 28ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஐ.நா. பருவநிலை மாநாடு தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்பே கென்யாவின் நைரோபியிலிருந்து இளைஞர் கூட்டம் ஒன்று தரைவழியாகக் கிளம்பிவிட்டது. வழிநெடுகக் கூட்டமும் கச்சேரியும் நடத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டே தெற்கே இறங்கினார்கள். புருண்டியிலிருந்து வேறொரு அணியும் டர்பனை நோக்கிப் புறப்பட்டது. அந்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்காவில் கடும் வறட்சி. சோமாலியாவின் சில பகுதிகளில் பஞ்சம் என்று ஜூலையிலேயே ஐ.நா. அறிவித்திருந்தது. மாநாட்டுக்கு முந்தின நாள், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கொண்ட மனுவைப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, ஐ.நா. பருவநிலை அமைப்பின் செயலர் கிறிஸ்டியானா ஃபிகரெஸ் கையில் கொடுத்தார்.

எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் ஒப்பந்தத்தை 2015க்குள் முடிப்பது என்று அந்த மாநாடு தீர்மானித்தது. பாரிஸ் ஒப்பந்தம் அந்த வழியில் வந்ததுதான். ஒரு பஸ் பயணம்தான் அதைச் சாதித்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் வறட்சியைக் கண்ணால் கண்டவர்களின் பேச்சும் கையெழுத்தும் மாநாட்டு வாசல் வரை வந்தன. நைரோபியிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்குக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அப்படிப் போயிருந்தால் ஒரு கையெழுத்தும் கிடைத்திருக்காது. தரைவழிப் பயணத்தின் பலன் நின்று நின்று போவதில்தான் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல வருவது இதைத்தான்.

இது நம் மண்ணுக்குப் புதிதல்ல. நம் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் அடங்கியிருக்கிறாரே சுப்பிரமணிய சிவா, அவர் 1908இல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போய் 1912இல் தொழுநோயோடு வெளியே வந்தவர். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடவில்லை. நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925 ஜூலையில் பாப்பாரப்பட்டியிலேயே உயிர் போயிற்று. ரயிலில் போயிருந்தால் அவர் ஸ்டேஷன் இருக்கும் ஊர்களைத்தான் பார்த்திருப்பார்.

1987 நவம்பரில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க ஓர் அணி கன்னியாகுமரியிலிருந்தும் இன்னோர் அணி மகாராஷ்டிரத்தின் நவாப்பூரிலிருந்தும் நடந்து, 1988 பிப்ரவரியில் கோவாவில் சந்தித்தன. 2009 தொடக்கத்தில் இந்திய இளைஞர்கள் சிலர், கூரையில் சூரியத் தகடு பொருத்திய ரேவா மின்கார்களில் சென்னையிலிருந்து டெல்லி வரை போய், வழியில் ஆங்காங்கே நடக்கும் நல்ல முயற்சிகளைப் பார்த்துப் பிறருக்குச் சொன்னார்கள். ஆக, வண்டி எதுவானாலும் சரி. எங்கே நிற்கிறாய், என்ன கேட்கிறாய் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்.

நம் மாவட்டத்தில் ஒரு வாரப் பயணம் போட்டுப் பார். ஒகேனக்கல், பென்னாகரம், பாப்பாரப்பட்டி, பாலக்கோடு, தருமபுரி, அரூர், சிட்லிங்கி. இந்த ஏழு ஊருக்குள் நீ படிக்க வேண்டிய பாடம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவர்களிடம் உட்கார். காவிரியில் இன்று எத்தனை கன அடி என்பது அவர்களுக்குச் சோற்றுக் கணக்கு. நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை, வற்றினால் சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை. இரண்டிலும் கூலி போயிற்று. ஆனால் அங்கே வரும் தண்ணீர் கர்நாடகத்துக் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகளின் திறப்பையும் பொறுத்தது. ஆகவே எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டாதே. பாலக்கோட்டில் தக்காளியை ரோட்டோரம் கொட்டினால், அது மழையின் வேலையா சந்தை விலையின் வேலையா என்று பிரித்துக் கேள். இதைப் பிரிக்கத் தெரியாதவன் பேச்சை விவசாயி இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்கமாட்டான்.

பென்னாகரம் பக்கம் போனால் ஒரே ஒரு கேள்வி போதும்: "உங்கள் தாத்தா வெட்டிய கிணறு எத்தனை அடி, இப்போது போர் எத்தனை அடி?" மழை குறைந்தால் கிணறு வற்றும். கிணறு வற்றினால் போர் போடுவார்கள், அது வருஷா வருஷம் ஆழமாகும். ஆழத்துப் பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் ஃபுளோரைடு கரைந்திருக்கும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் காவி ஏறும், முற்றினால் எலும்பையும் வளைக்கும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் எதைக் குடிக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். பல்லைக் காட்டச் சொல்லிப் போட்டோ மட்டும் எடுக்காதே.

சிட்லிங்கியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் 1993இல் ஒரு டாக்டர் தம்பதி பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கினார்கள். பிறகு அங்குள்ள விவசாயிகள் இயற்கை விவசாயச் சங்கம் அமைத்து, சாமை, கேழ்வரகு போன்ற தானியங்களுக்கு விலை கிடைக்க வழி செய்தார்கள். குறைந்த மழையிலும் கைக்கு வரும் பயிர் சாமை. அங்கே நீ மைக் பிடிக்காதே, உட்கார்ந்து கேள்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "எந்த வருஷத்திலிருந்து மழை குறைந்தது?" என்றால் யாருக்கும் சொல்ல வராது. பெரிய மகளுக்குக் கல்யாணம் ஆன வருஷம், ஏரி உடைந்த வருஷம் என்று பிடித்துக் கேள். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது. "அந்த வறட்சிக்கு முன்னாலா, பின்னாலா?" என்று கேட்டால் சட்டென்று நினைவு வரும். சொன்னதை மழைமானிப் பதிவோடு ஒத்துப் பார். வானிலை நிபுணர்கள் 30 வருடச் சராசரியைத்தான் பருவநிலை என்பார்கள். ஒரு வருஷத்து வெயிலை வைத்து முடிவு கட்டாதே.

கூட்டத்தைப் பெருக்காதே, பத்துப் பேர் போதும். டவுன் பஸ்ஸும் சைக்கிளும் போதும். ஃபிளெக்ஸ் வேண்டாம். பதினொரு மணிக்கு மேல் வெயிலில் அலையாதீர்கள். ஒகேனக்கல் காட்டு ரோட்டில் யானை கடக்கும், இருட்டுவதற்குள் இறங்கிவிடுங்கள். எந்த ஊரானாலும் ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளித் தலைமையாசிரியரிடமும் முன்னாலேயே சொல்லிவையுங்கள். முந்தின ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் சொல்லுங்கள். அரூர்க்காரருக்குப் பென்னாகரத்துக் கிணற்றின் கதை தெரிய வேண்டும்.

டர்பன் போனவர்கள் மனுவை யார் கையில் கொடுப்பது என்று தெரிந்து போனார்கள். உனக்கும் அப்படி ஒரு கை வேண்டும். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கத்தை மாவட்டத்தில் நடத்தும் பொறுப்பு கலெக்டருடையது, வன அலுவலர் அதற்கு உதவி. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். அதைவிட வலுவானது கிராம சபைத் தீர்மானம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. "பருவநிலையைக் காப்போம்" என்று தீர்மானம் போட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. "இந்த ஏரியின் வரத்துக் கால்வாயைத் தூர்வார வேண்டும்", "இந்தப் பள்ளிக்குக் குழாய்த் தண்ணீர் தினமும் வேண்டும்" என்று இடத்தோடு எழுது.

ஆப்பிரிக்காவுக்கும் ஒருநாள் போவாய். போவதற்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொள். கென்யா, உகாண்டா பக்கமிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா விசா கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பயப்படாதே. நாம் களி கிண்டும் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் தோன்றியதுதான், புளியும் ஆப்பிரிக்க மரம்தான். அங்கத்து விவசாயி கேழ்வரகைப் பற்றிப் பேசினால், தருமபுரியில் என்ன நிலைமை என்று சொல்ல உன்னிடம் விஷயம் இருக்க வேண்டும். ஒகேனக்கல்லிலிருந்து தொடங்கச் சொல்வது அதற்காகத்தான்.

பயணப் பட்டியலை இப்போதே போடாதே. மார்ச் 22க்கு எந்த ஊராட்சியில் என்ன தீர்மானம் என்று நாலு வரி எழுதி அனுப்பு. திருத்தித் தருகிறேன். எங்கெங்கே நிற்பது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் பெரியப்பா